டாட்டா காட்டாத குழந்தைகள்

கொரோனா காலத்தில் பிறந்த பிள்ளை ஒன்றாவது இல்லாத தெரு இருக்காது. அந்தப் பிள்ளை விருந்தாளியைக் கண்டு வீறிட்டு அழுதாலோ, இரண்டு வயதாகியும் பேச்சு வராமல் இழுத்தாலோ, வீட்டுப் பெரியவர்கள் ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுவார்கள்: "லாக்டவுன்ல பொறந்தது. நாலு பேரப் பாத்து வளந்தாத்தானே?"

பாட்டி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் அது தன்மேல் வைத்த குறையாகவே காதில் விழும். ஒரு குழந்தை பேசவும் பழகவும் நாலு பேர் உண்மையிலேயே வேண்டுமா? அம்மா, அப்பா இருவர் போதாதா? நாலு பேர் வராத வீட்டில் குழந்தைக்கு எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது, அது திரும்பி வருமா? இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு துல்லியமான விடை அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் கிடைத்தது. அந்த ஆய்வைத் தொடங்கியவர்கள் தேடிப் போனது வேறொன்றை.

ஒவ்வாமையைத் தேடிப் போனவர்கள்

நோய்த்தொற்றுகள் குறைவாக இருக்கும் சூழலில் வளரும் குழந்தைக்கு ஒவ்வாமை கூடுமா, குறையுமா என்பது மருத்துவர்களிடையே வெகுநாளாக ஓடும் விவாதம். இதைச் சோதிக்கக் கைக்குழந்தைகளை ஓராண்டு வீட்டுக்குள் பூட்டிவைக்க முடியாது. 2020-இல் அதை யாரும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆண்டு மார்ச் 27 அன்று அயர்லாந்துப் பிரதமர் லியோ வராட்கர் முழு ஊரடங்கை அறிவித்தார். உடற்பயிற்சிக்காக வெளியே போனாலும் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 70 வயதைக் கடந்தவர்கள் வாசற்படி தாண்டவே வேண்டாம் என்றது அரசு. தாத்தா பாட்டி பலர் பேரப்பிள்ளையை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். மே மாதத்தில் 2 கிலோமீட்டர் 5 ஆனது. கோடையில் கொஞ்சம் தளர்ந்த கட்டுப்பாடு அக்டோபரில் மறுபடி இறுகியது. கிறிஸ்துமஸை ஒட்டிக் கொஞ்சம் விட்டுப்பிடித்து, பிறகு 2021 வசந்தம் வரை நீடித்தது. 2020 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் பிறந்த குழந்தைக்கு முதல் ஆண்டின் பெரும்பகுதி இப்படியே கழிந்தது.

அந்த மூன்று மாதங்களில் பிறந்த குழந்தைகளைக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஜோனதன் ஹௌரிஹேன் குழுவினர் சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வுக்குக் 'கோரல்' என்று பெயர். ஒரே காலத்தில் பிறந்தவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் இவ்வகை ஆய்வைப் 'பிறப்புத் தொடர் ஆய்வு' எனலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கூட்டமும் கையில் இருந்தது: 2008-க்கும் 2011-க்கும் இடையில் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்து, இதேபோலப் பின்தொடரப்பட்ட குழந்தைகள்.

ஒவ்வாமை பற்றிய விடை பின்னால் வந்தது, வியப்பான விடைதான். கோரல் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டவர்கள் 17 சதவீதம் மட்டுமே. பழைய கூட்டத்தில் அது 80 சதவீதம். உணவு ஒவ்வாமையும் குறைவு. தொற்று குறைந்ததும், தாய்ப்பால் நீண்டதும், குடலில் நல்ல நுண்ணுயிரிகள் நிலைத்ததும் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். லாக்டவுன் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது இந்த வரவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பெற்றோரிடம் கேட்ட மற்ற கேள்விகள்தாம் வேறு கதையைத் திறந்தன. ஆறு மாதம் வரை குழந்தையை எத்தனை பேர் முத்தமிட்டார்கள்? சராசரியாக மூன்று பேர், அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து. தன் வயதுள்ள இன்னொரு குழந்தையை ஒரு வயது முடியும்வரை பார்த்தே இராதவர்கள் நான்கில் ஒருவர்.

நூறு பேரில் எத்தனை பேர்?

நரம்பியல் மருத்துவர் சூசன் பர்ன் தலைமையில் அடுத்த கேள்வி எழுந்தது. இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் வளர்ந்த குழந்தை பேச்சிலும் பழக்கத்திலும் எப்படி இருக்கிறது? முதல் பிறந்தநாளை ஒட்டி 309 குழந்தைகளின் பெற்றோரிடம் பத்து விஷயங்களைக் கேட்டார்கள். உட்காருகிறதா, தவழ்கிறதா, பிடித்துக்கொண்டு நிற்கிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று போகும் பட்டியல். இவற்றை 'வளர்ச்சிப் படிகள்' என்பார்கள் மருத்துவர்கள். பழைய கார்க் கூட்டத்தில் ஒப்பிடத்தக்க குழந்தைகள் 1,629 பேர். முடிவுகள் 2022 அக்டோபரில் வெளியாயின.

சதவீதத்தை மறந்துவிட்டு, இரு காலத்திலிருந்தும் நூறு நூறு குழந்தைகளை எதிரெதிரே உட்காரவைத்ததாக எண்ணிக்கொண்டால் கணக்கு தெளிவாகும்.

பொருள் தெரிந்து ஒரு சொல்லாவது சொல்லும் குழந்தைகள் பழைய நூறில் 89 பேர். லாக்டவுன் நூறில் 77 பேர். விரல் நீட்டிச் சுட்டிக்காட்டுபவர்கள் அங்கே 93, இங்கே 84. கையசைத்து டாட்டா காட்டுபவர்கள் அங்கே 94, இங்கே 88.

நான்காவது எண்தான் ஆளை நிறுத்தி யோசிக்கவைப்பது. தவழும் குழந்தைகள் அங்கே 91 பேர். இங்கே 97 பேருக்கும் மேல்.

மூளை வளர்ச்சியே மொத்தமாகப் பின்தங்கியிருந்தால் தவழ்வதும் பின்தங்கியிருக்க வேண்டும். அப்படி இல்லை. உட்காருவது, நிற்பது போன்ற மீதிப் படிகளிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. குறைந்தவை மூன்றே: சொல், சுட்டுவிரல், டாட்டா. மூன்றுக்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். தவழ ஆள் வேண்டாம். தரையும் நேரமும் போதும். ஊரடங்கில் குழந்தை காரில், தள்ளுவண்டியில் கட்டுண்டு கிடக்கவில்லை. அப்பா வீட்டிலேயே இருந்தார், அண்ணனும் அக்காவும் தரையில் உருண்டார்கள், குழந்தையும் அவர்கள் பின்னால் போயிற்று. ஆய்வாளர்கள் தந்த விளக்கமும் இதை ஒட்டியதே.

வாசல் மணி அடிக்காத வீடு

டாட்டா காட்டுவது எளிய வேலை போலத் தெரியும். நிதானமாகப் பார்த்தால் அது ஒரு முழு நாடகம். அத்தை கிளம்புகிறாள். செருப்பை மாட்டும்போதே வீட்டில் குரல்கள் மாறுகின்றன. அம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள், அதன் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுகிறாள், "அத்தைக்கு டாட்டா சொல்லு" என்கிறாள். அத்தை தெருவில் நின்று திரும்பிப் பார்த்துக் கையாட்டுகிறாள். பிறகு காணாமல் போகிறாள். இது பல தடவை நடந்த பிறகு, ஒருநாள் அத்தை செருப்பைத் தொட்டதுமே குழந்தையின் கை தானாக எழும்.

யாரும் வராத வீட்டில் யாரும் போவதுமில்லை. நாடகத்தின் முதல் காட்சியே அரங்கேறவில்லை என்றால் கடைசிக் காட்சியில் கை எப்படி எழும்?

சுட்டிக்காட்டுவதிலும் இதே சங்கதிதான், ஆனால் கூடுதல் ஆழத்தோடு. பத்து, பதினோரு மாதக் குழந்தை விரலை நீட்டும்போது கவனித்தால் ஒரு நுணுக்கம் தெரியும். விரல் மின்விசிறியைக் காட்டும். கண் உடனே அம்மாவின் முகத்துக்குத் திரும்பும். 'நான் பார்ப்பதை நீயும் பார்க்கிறாயா?' என்று உறுதிசெய்துகொள்கிறது. இருவர் ஒரே பொருளைப் பார்ப்பதும், பார்க்கிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருப்பதும் சேர்ந்ததே 'கூட்டுக் கவனம்'. அந்த நொடியில் அம்மா "ஃபேன் சுத்துது" என்று சொன்னால் சொல் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. மொழி குழந்தைக்குள் நுழையும் முக்கிய வாசல்களில் இது ஒன்று.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டால்தான் விரல் நீளும். அதே நான்கு சுவர், அதே சோபா, அதே இரண்டு முகம் என்றால் காட்டுவதற்கு என்ன மிச்சம்? அம்மாவுக்குத் தெரியாத எது அந்த வீட்டில் இருக்கிறது? பக்கத்து வீட்டு நாயும் பாட்டியின் கண்ணாடியும் கடைக்காரர் தொங்கவிட்ட பலூனும் இல்லாமல் போனதன் விலை நூறுக்கு ஒன்பது சுட்டுவிரல்கள்.

பெற்றோரின் அன்பு குறைந்ததால் இது நேரவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு அம்மா அப்பாவின் நேரம் முன்னெப்போதையும்விட அதிகமாகவே கிடைத்திருக்கலாம்.

முகக்கவசம் மீது எவ்வளவு பழி?

பலரும் முதலில் சந்தேகப்பட்டது முகக்கவசத்தை. அதற்கு நியாயமும் உண்டு. டேவிட் லூகோவிச் என்னும் உளவியலாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பேசும் முகத்தைக் குழந்தை எங்கே உற்றுப் பார்க்கிறது என்று கண் அசைவைப் பதிவுசெய்தார். நான்கு மாதத்தில் பார்வை பேசுபவரின் கண்ணில் இருக்கிறது. எட்டு மாதத்தில் வாய்க்கு இறங்குகிறது. ஒலியை வாய் எப்படி உண்டாக்குகிறது என்று குழந்தை படிக்கும் காலம் அது. தாய்மொழி என்றால் ஒரு வயதையொட்டிப் பார்வை மறுபடி கண்ணை நோக்கி ஏறுகிறது. அந்தச் சில மாதங்களில் வாயை மறைப்பது நல்லதல்ல என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் வீட்டுக்குள் அம்மாவும் அப்பாவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு திரியவில்லை. முகக்கவசம் போட்ட அயலார் குழந்தையின் அருகே வந்ததே அபூர்வம். வராத ஆளின் வாய் மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன? ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை முகக்கவசத்துக்கு அளவுக்கு மீறிய பழி விழுந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சரி, ஆள் வரவில்லை. செல்போனும் டிவியும் இருந்தனவே? இதற்கான விடை 2003-லேயே தயாராக இருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா குல், ஆங்கிலம் பேசும் வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளைச் சீன மொழி பேசுபவர்களோடு 12 அமர்வுகள் விளையாடவிட்டார். பிறகு சோதித்தால், ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிவேறுபாட்டை அந்தக் குழந்தைகள் பிரித்தறிந்தன. அதே ஆட்களின் அதே பேச்சை டிவியில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. டிவியில் வரும் ஆள் குழந்தையின் பார்வையைப் பார்ப்பதில்லை, அது சிணுங்கினால் நிறுத்துவதில்லை, சிரித்தால் சிரிப்பதில்லை. குழந்தை ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாத பேச்சு அதற்கு வெறும் ஓசை.

வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு. எதிர்முனையில் இருப்பவர் உடனுக்குடன் பதில் சொல்வதால், இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள் அதன்வழியே புதுச் சொல் கற்பதை 2014-இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆக, பேரனோடு தினமும் திரையில் கொஞ்சிய பாட்டியின் பாடு வீண் போகவில்லை. கைக்குழந்தைக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி.

தொட்டிலுக்குப் பக்கத்தில்

நாலு பேர் இல்லாமல் தவித்தது குழந்தை மட்டுமல்ல. அயர்லாந்தில் கர்ப்பிணிகள் ஸ்கேன் அறைக்குத் தனியாகப் போனார்கள். கணவர் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார். பிரசவ வலி முற்றிய பிறகே அவரை உள்ளே விட்ட மருத்துவமனைகள் உண்டு. இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து அங்கே பெண்கள் போராட்டமே நடத்தினார்கள். பிள்ளை பெற்று வீடு திரும்பினால், எடை பார்க்கவும் பால் கொடுக்கச் சொல்லித்தரவும் வீடுதேடி வரவேண்டிய செவிலியர்கள் பலர் கொரோனாப் பரிசோதனைக்கும் தொடர்பு தேடும் பணிக்கும் மாற்றப்பட்டிருந்தார்கள். மகளுக்குத் துணையாக வரவேண்டிய அவளுடைய தாய், 70-ஐக் கடந்தவர் என்றால் தன் வீட்டிலேயே அடைபட்டிருந்தார்.

கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜி டேவன்போர்ட் குழு 2020-இல், பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில், 900 பெண்களிடம் இணையவழி விசாரித்தது. 520 பேர் கர்ப்பிணிகள், 380 பேர் பிள்ளை பெற்று ஓராண்டுக்குள் இருந்தவர்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் தொற்றுக்கு முன் 15 சதவீதம் பேரிடம் இருந்தன. தொற்றுக் காலத்தில் 40.7 சதவீதம் பேரிடம். பதற்றம் 29-லிருந்து 72 சதவீதமாக ஏறியது. 'முன்பு எப்படி இருந்தீர்கள்' என்பதை அந்தப் பெண்களின் நினைவிலிருந்தே கேட்டார்கள் என்பதால் இடைவெளி கொஞ்சம் பெரிதாகத் தெரியலாம். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி சிறியதல்ல.

இது குழந்தையின் கதைக்கு வெளியே நிற்கும் விஷயமல்ல. தூக்கமில்லாமல், கைமாற்ற ஆளில்லாமல், சோர்ந்துபோன தாய் குழந்தையின் 'ங்கா'வுக்குப் பதில் 'ங்கா' சொல்லும் தடவைகள் குறையும். கொடுக்கல் வாங்கல் மெலியும். நம் ஊரில் பிள்ளை பெற்றவளை மூன்று மாதம், ஐந்து மாதம் தாய்வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பழம்பஞ்சாங்கம் என்று சிரிப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம்.

கிருமியா, காலமா?

கர்ப்பத்தில் தாய்க்குக் கொரோனா வந்திருந்தால் அந்தக் கிருமியே குழந்தையின் மூளையைத் தாக்கியிருக்குமோ? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டானி டுமித்ரியு குழுவினர் இந்த அச்சத்தோடுதான் தொடங்கினார்கள். 2020-இல் பிறந்த 255 குழந்தைகளை ஆறு மாதத்தில் சோதித்தார்கள். அவர்களில் 114 பேரின் தாய்க்குத் தொற்று வந்திருந்தது. தொற்று வந்த தாயின் பிள்ளைக்கும் வராத தாயின் பிள்ளைக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் இரு வகையினரும், பெருந்தொற்றுக்கு முன் பிறந்த 62 குழந்தைகளைவிட உடலசைவிலும் பழகுவதிலும் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். கிருமியைவிட, கிருமி கொண்டுவந்த காலத்தின் மேல்தான் அந்தக் குழுவின் சந்தேகம் திரும்பியது. குறிப்பாகத் தாய் பட்ட மன அழுத்தத்தின் மேல்.

கவனித்தால், நியூயார்க்கில் உடலசைவு குறைந்திருக்கிறது. டப்ளினில் தவழ்வது கூடியிருக்கிறது. வயது வேறு, ஊர் வேறு, கேள்விகளும் வேறு. ஒரே பெருந்தொற்று எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி நேரவில்லை.

ஜப்பானிலிருந்து வந்த முடிவு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. பெருநகரப் பகுதி ஒன்றின் மழலையர் காப்பகங்களில் இருந்த 887 பிள்ளைகளை ஆய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். மூன்று வயதுக்கும் ஐந்துக்கும் இடையில் பெருந்தொற்றைச் சந்தித்தவர்கள், ஐந்து வயதில் சராசரியாக நான்கு மாதத்துக்குச் சற்று மேலான அளவு பின்தங்கியிருந்தார்கள். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் சந்தித்த சின்னஞ்சிறுசுகளிடம் அப்படிப் பின்னடைவு இல்லை. சிலவற்றில் முன்னேறியும் இருந்தார்கள். மடியில் இருக்கும் வயதில் வீட்டுப் பெரியவர்கள் கூடுதலாகக் கிடைத்தது லாபமாகியிருக்கலாம். நான்கு வயதில் சண்டை போட, பொம்மையைப் பிடுங்க, சமாதானம் ஆகச் சக பிள்ளைகள் வேண்டும். பாட்டி சொன்ன அந்த 'நாலு பேர்' வயதுக்கு வயது மாறுகிறார்கள்.

பயமுறுத்திய எண்களும் பெரிய எண்ணிக்கையும்

2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு உலகச் செய்தித்தாள்களைக் கலக்கியது. லாக்டவுன் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியிலிருந்து இருபது புள்ளிக்கும் மேல் சரிந்துவிட்டது என்றது அது. பிற ஆராய்ச்சியாளர்கள் சரிபார்க்கும் முன்பே செய்தி பரவிவிட்டது. சோதித்தவர்கள் முகக்கவசம் அணிந்திருந்தார்கள் என்ற விவரம் செய்தியின் அடியில் கிடந்தது. புது ஆளைக் கண்டிராத குழந்தை முன்னால் முகம் மூடிய புது ஆள் ஒருவர் உட்கார்ந்து பொம்மையை நீட்டினால் அது எப்படி விளையாடும்?

டப்ளின் ஆய்வுக்கும் ஓட்டைகள் உண்டு. சொன்னவர்கள் பெற்றோர். ஒப்பிட்ட கூட்டம் பத்தாண்டு பழையது, ஊரும் வேறு. ஆய்வாளர்களே இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

மிகப் பெரிய எண்ணிக்கை கொண்ட ஆய்வு ஒன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா ஜான்சன் குழு 2024-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஐந்து வயது வரையிலான 50,205 குழந்தைகளின் வளர்ச்சி மதிப்பெண்களை, தொற்றுக்கு முன்னும் பின்னுமாக, 2018 முதல் 2022 வரை அடுக்கிப் பார்த்தார்கள். பேச்சில் ஏறக்குறைய 3 சதவீதச் சரிவு. சிக்கலை அவிழ்ப்பதிலும் பழகுவதிலும் 2 சதவீதம். உடலசைவில் மாற்றமே இல்லை. பேச்சும் பழக்கமும் குறைய, உடலசைவு தப்பித்துக்கொள்ளும் அதே டப்ளின் வடிவம், ஆனால் மிகச் சிறிய அளவில்.

கோரல் குழந்தைகளை இரண்டு வயதில் மறுபடி பார்த்தபோது, நடத்தையிலும் பிற திறன்களிலும் பழைய கூட்டத்துக்கு ஈடாக இருந்தார்கள். பேச்சில் மட்டும் ஒரு சிறு இடைவெளி மிச்சமிருந்தது.

பாட்டி சொன்னது, ஆக, பாதி சரி. நாலு பேரைப் பார்க்காதது குழந்தையைத் தொட்டது. சராசரிக் குழந்தையை மிக லேசாகத் தொட்டது. ஆனால் சராசரி என்பது வீட்டில் தவழும் ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்த எண்களிலேயே மிக மோசமானதை எடுத்துக்கொண்டாலும், நூறு லாக்டவுன் குழந்தைகளில் 77 பேர் ஒரு வயதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வயதைத் தாண்டியும் பேச்சு வராத பிள்ளைக்கு ஊரடங்கை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. காது மந்தமாக இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். 'கொரோனாப் பிள்ளை, தானா வந்துரும்' என்று காத்திருந்த குடும்பங்கள் இழந்தது, சிகிச்சை நன்றாகப் பலிக்கும் ஆரம்ப ஆண்டுகளை.

கொரோனாவுக்குப் பின் பிறந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாவிட்டால், இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், அடுத்த பிறந்தநாள்வரை பொறுக்க வேண்டாம். முதலில் காதைச் சோதித்துவிடுங்கள். குழந்தை மருத்துவரிடம் கேட்டால், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையோடு இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டுவார். அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.